சிரிப்புக்கும் ஒரு திருவிழா

சென்னைப் பட்டணத்தில் மார்கழி மாதத்தைச் சங்கீதத்துக்கென்று பட்டா எழுதிக் கொடுத்து வெகு காலமாகிறது. அந்த மாதத்தில் மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் வரையில் எந்த வீதியில் திரும்பினாலும் தம்பூராவின் சுருதி காதில் விழும். இது உலகம் அறிந்த விஷயம். ஆனால் சித்திரையிலும் வைகாசியிலும் அதே ஸபாக்களில் என்ன நடக்கிறது என்பது அவ்வளவு தூரம் பிரசித்தமாகவில்லை. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் அந்த நாட்களில்தான் கோடை நாடக விழாக்கள் நடைபெறுகின்றன. அவற்றில் முக்காலே மூன்று வீசம் ஹாஸ்ய நாடகங்கள். வெயிலுக்கு மோரும் வெள்ளரிப் பிஞ்சும் போலச் சிரிப்பும் ஒரு மருந்து என்று நம் முன்னோர்கள் எழுதி வைக்காவிட்டாலும், ஸபாக் காரியதரிசிகள் எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்தச் சிரிப்பு யாத்திரையை நாம் தொடங்கியது லஸ் முனையிலிருந்து. யாத்திரை என்று சொல்வதில் தவறில்லை. ஸ்தலங்கள் உண்டு, மூர்த்திகள் உண்டு, பிரசாதமும் உண்டு. சுந்தரேசுவரர் வீதியில் ரஸிக ரஞ்சனி ஸபா. பழைய ஆலிவர் ரோடில், இப்போது முசிரி சுப்பிரமணியம் சாலை என்று வழங்கும் இடத்தில், மயிலாப்பூர் பைன் ஆர்ட்ஸ் கிளப். ஆழ்வார்பேட்டையில், 1958-ல் தோன்றிய நாரத கான ஸபா. அங்கிருந்து தியாகராய நகருக்குப் போனால் வாணி மஹால். தியாகையராக வேஷம் தரித்து ஜனங்களைக் கண்ணீர் விட வைத்த சித்தூர் நாகையாவின் முயற்சியினால் எழுந்த அந்த மண்டபத்தில், இன்று ஜனங்கள் வேறு காரணத்துக்காகக் கண்களைத் துடைத்துக் கொள்கிறார்கள். சிரித்துச் சிரித்து வரும் கண்ணீர் அது.

ஸபா நாடகத்துக்குப் போகிறவர்கள் முதலில் போவது கொட்டகைக்குள் அல்ல. பின்புறத்துச் சிற்றுண்டி சாலைக்கு. கீரை வடையும் காப்பியும் உள்ளே போன பிறகுதான் நகைச்சுவை உணர்ச்சி மேலே வரும் என்பது மயிலாப்பூர்ச் சித்தாந்தம். ஏழு மணி அடித்தால் திரை விலக வேண்டும். ஒன்பது ஒன்பதரைக்குள் மங்களம் பாட வேண்டும். மேடையில் இருப்பவர்களும் சரி, கீழே இருப்பவர்களும் சரி, மறுநாள் காலையில் உத்தியோகத்துக்குப் போக வேண்டியவர்கள். அல்லது ஒரு காலத்தில் போய்க் கொண்டிருந்தவர்கள்.

ஸோபா மகாத்மியம்

திரை விலகியதும் முதலில் தரிசனம் அளிப்பது ஒரு ஸோபா. எந்த நாடகமானாலும் இந்த ஸோபா உண்டு. அதற்கு வலப்புறத்தில் ஒரு கதவு, வாசலுக்குப் போவது. இடப்புறத்தில் ஒரு கதவு, சமையலறைக்குப் போவது. சுவரில் ஒரு சுவாமி படம். மூலையில் ஒரு டெலிபோன். அரசர்களும் அரண்மனைகளும் வனாந்தரங்களும் நிறைந்திருந்த தமிழ் நாடக மேடை, இப்படி ஒரு ஹாலுக்குள் எப்படி அடங்கிற்று என்று நேயர்கள் ஆச்சரியப்படலாம்.

காரணம் மிக எளியது. ஸபாவில் அங்கத்தினர்கள் வருஷ சந்தா செலுத்துகிறார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு ஸபா ஒரு நாடகக் குழுவை அழைக்கிறது. குழு இன்று மயிலாப்பூரில் நடித்தால், அடுத்த முறை நங்கநல்லூரிலோ அம்பத்தூரிலோ நடிக்கும். ஆகையால் வீடு முழுவதையும் மடித்து ஒரு வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கிறது. தர்பார் மண்டபத்தை மடிக்க முடியாது. ஹாலை மடித்து விடலாம். நடிகர்களோ பாங்கியிலும் கம்பெனியிலும் சர்க்கார் காரியாலயத்திலும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் யாராவது ஒருவருடைய வீட்டு மாடியில் ஒத்திகை பார்க்கிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்த உலகமும் இந்த ஹால்தான். வீட்டு வாடகை, மாமியார் வருகை, மானேஜருடைய கோபம், பெண்ணுக்கு வரன், பிள்ளைக்கு அமெரிக்கா. இவற்றை வைத்துக் கொண்டே மூன்று தலைமுறைகளாகச் சிரிக்க வைத்து வருகிறார்கள்.

நாம் பார்த்த நாடகங்களில் ஒன்றின் கதை இது. கதாநாயகன் கிரிக்கெட் பந்தயம் பார்ப்பதற்காக, மாமனார் காலமாகிவிட்டார் என்று காரியாலயத்துக்குச் சொல்லி லீவு வாங்குகிறான். அன்றைக்கென்று ஊரிலிருந்து மாமனார் மூட்டை முடிச்சுடன் வந்து இறங்குகிறார். துக்கம் விசாரிப்பதற்காக மானேஜரும் புறப்பட்டு வருகிறார். கதாநாயகன் குளிக்கிற அறையில் அகப்பட்டுக் கொண்டிருக்கிறான். ஒன்றும் அறியாத மனைவி மானேஜரை வரவேற்கிறாள்.

“பெரியவர் எப்போம்மா போனார்?” என்று மானேஜர் தழுதழுத்த குரலில் கேட்கிறார்.

“இப்போதான் ஸார் போனார். காப்பிப் பொடி வாங்கிண்டு வந்துடுவார்!”

இந்த இடத்தில் கொட்டகையில் எழுந்த சிரிப்பை எழுத்தில் காட்ட இயலாது. ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைச் சொல்லலாம். மனைவி வாயைத் திறப்பதற்கு முன்பே பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். “போனார்” என்னும் சொல் தமிழில் இரண்டு காரியங்களுக்குப் பயன்படுகிறது என்பது ஒவ்வொரு வீட்டாருக்கும் தெரியும். அந்தச் சொல் மானேஜருடைய வாயிலிருந்து விழுந்தவுடனே, வரப் போகும் விபத்தை ஜனங்கள் ஊகித்துவிட்டார்கள். ஊகித்தது நடக்குமா என்ற ஆவலும், நடந்துவிட்ட திருப்தியும் சேர்ந்துதான் சிரிப்பாக வெடித்தது. அடுத்தாற்போல் நடிகர் செய்ததுதான் நடிப்பின் சாமர்த்தியம். அவர் ஒன்றுமே செய்யவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். சிரிப்பு உச்சிக்குப் போய், இறங்கி, அடங்கும் தறுவாயில் அடுத்த பேச்சைப் பேசினார். ஒரு கணம் முந்தியிருந்தால் அந்தப் பேச்சு சிரிப்பில் மூழ்கிப் போயிருக்கும். ஒரு கணம் பிந்தியிருந்தால் கொட்டகை ஆறிப் போயிருக்கும். அழவைக்கும் நடிகருக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. ஹாஸ்ய நடிகர் தினந்தோறும் புதிய கணக்குப் போட வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு ஊர்ச் சிரிப்புக்கும் ஒவ்வொரு நீளம்.

இரண்டு சபாபதிகள்

இந்த ஹாலுக்கு அஸ்திவாரம் போட்டவரைத் தேடிப் போனால், சென்டிரல் ரயில் நிலையத்துக்கு அருகே, ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சிவப்புக் கட்டடத்தின் வாசலில் போய் நிற்போம். விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த ஐம்பதாவது வருஷத்தின் ஞாபகமாகக் கட்டப்பட்ட விக்டோரியா பப்ளிக் ஹால் அது. பம்மல் சம்பந்த முதலியார் என்னும் பதினெட்டு வயது வாலிபர், பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாசார்லுவின் தெலுங்கு நாடகக் குழுவைக் கண்டு மனம் பறிகொடுத்தார். 1891-ல் நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாஸ ஸபாவை ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் கூத்தாடுவது கௌரவமான குடும்பத்தினருக்கு அடாத காரியம் என்று எண்ணப்பட்டது. சம்பந்த முதலியாரோ பிற்காலத்தில் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தவர். அவருக்கு ஜோடியாகப் பெண் வேஷம் தரித்துப் புகழ் பெற்ற ரங்கவடிவேலுவும் வக்கீல். பகலில் கோர்ட்டில் கறுப்பு அங்கியும் இரவில் மேடையில் பட்டுப் புடவையும் அணிந்து இந்தப் பெரியவர்கள் நடித்த பிறகு, நாடகத்தைக் குறை சொல்லிக் கொண்டிருந்தவர்கள் முன் வரிசையில் இடம் பிடிக்கத் தொடங்கினார்கள்.

சம்பந்த முதலியாரின் நாடகங்களில் ஜனங்களுடைய நெஞ்சில் நிலைத்தது ‘சபாபதி’. பணக்கார வீட்டுப் பிள்ளை ஒரு சபாபதி; அவனுடைய வேலைக்காரனும் ஒரு சபாபதி. அறிவு விஷயத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல. 1941-ல் ஏவி. மெய்யப்பச் செட்டியார் இதைப் படமாக்கியபோது, டி. ஆர். ராமச்சந்திரன் எஜமானராகவும் காளி என். ரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தார்கள். பெயரும் ஒன்று, மூளையும் ஒன்று, பணம் ஒன்றுதான் வேறு. எஜமானனும் வேலைக்காரனும் சமம் என்று பெரிய மேடைகளில் எத்தனையோ பேர் முழங்கியிருக்கிறார்கள். அதை ஒருவருக்கும் வலிக்காமல் சொன்னது இந்த நாடகம். எஜமானர்களே டிக்கெட் வாங்கிக் கொண்டு வந்து கேட்டார்கள்!

இதற்கு முன்பும் நம் நாட்டில் இந்த வழக்கம் இருந்திருக்கிறது. தெருக்கூத்தில் துரியோதன மகாராஜன் கொலுவுக்கு வருமுன் கட்டியங்காரன் வருவான். மகாராஜாவின் பிரதாபங்களை அவன் வர்ணிக்கிற அழகில், மகாராஜாவின் கிரீடம் சற்றே சாய்ந்துவிடும். பிறகு அந்தக் கிராமத்து மிராசுதாரின் பக்கம் திரும்புவான். அவருடைய தலைப்பாகையும் சாயும். விடிந்தால் வணங்க வேண்டியவரை இரவில் கேலி செய்வதற்கு ஊரார் கூடி அளித்த உரிமை அது.

சிரிப்பைக் கண்டு பயந்த சட்டங்கள்

இந்த உரிமையைக் கண்டு கிராமத்து மிராசுதார் பயப்படவில்லை. பீரங்கியும் கப்பல் படையும் வைத்திருந்த பிரிட்டிஷ் ராஜாங்கம் பயந்தது. 1876-ல் கல்கத்தாவில் ஒரு பிரகசனம் நடந்தது. வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு விஜயம் செய்தபோது, ஒரு வங்காளப் பிரமுகர் அவரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துச் சென்று உபசரித்தார். அதைப் பரிகசித்து எழுதப்பட்ட சிறு நாடகம் அது. ஜனங்கள் சிரித்தார்கள். ராஜப் பிரதிநிதி நார்த்புரூக் பிரபு சிரிக்கவில்லை. உடனே அவசரச் சட்டம் பிறப்பித்தார். அதே வருஷத்தில் அது நாடக நிகழ்ச்சிச் சட்டமாக நிலைபெற்றது. ஆட்சேபகரமானது என்று ராஜாங்கம் கருதும் எந்த நாடகத்தையும் நிறுத்தலாம். நடித்தவர்களையும் இடம் கொடுத்தவர்களையும் தண்டிக்கலாம். இந்தியா தேசம் முழுவதையும் கட்டிய அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஒரு ஹாஸ்ய நாடகத்துக்காக வார்க்கப்பட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது.

தமிழ் நாட்டில் அந்தச் சங்கிலியை இழுத்துப் பார்த்தவர்களில் தலைசிறந்தவர் எஸ். எஸ். விசுவநாத தாஸ். வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து, வெள்ளைக் கொக்குகளை விரட்டும் பாட்டைப் பாடுவார். கொக்கு எது என்று சபையிலிருந்த குழந்தைக்கும் தெரியும், போலீஸ்காரருக்கும் தெரியும். பலமுறை சிறை சென்றார். 1940-ம் வருஷத்தின் கடைசி இரவில், சென்னையில் முருக வேஷத்துடன் மேடையிலேயே உயிர் நீத்தார். சிரிப்புக்கும் கண்ணீருக்கும் நடுவே எவ்வளவு மெல்லிய திரை இருக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

சுதந்திரம் வந்த பிறகு சிரிப்புக்கும் சுதந்திரம் வந்ததா என்று கேட்டால், தயக்கத்துடன்தான் பதில் சொல்ல வேண்டும். 1954-ல் சென்னை ராஜ்யத்தில் புதிய நாடகச் சட்டம் ஒன்று பிறந்தது. எம். ஆர். ராதா தம் கரகரத்த குரலில் தினசரிப் பத்திரிகைச் செய்திகளையெல்லாம் நாடகத்துக்குள் இழுத்துப் பரிகசித்து வந்த காலம் அது. அவருடைய ராமாயண நாடகம் பெரும் சச்சரவை விளைவித்தது. அவருடைய கருத்துக்களை ஒப்புக் கொள்ளாதவர்கள் அப்போதும் பலர் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். ஆனால் அவர் ஒருவரைக் குறி வைத்து வீசிய வலையில், மாமியார் மருமகள் நாடகம் போடுகிறவர்களும் விழுந்தார்கள். நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீஸ் அதிகாரிகளிடம் கொடுத்து அனுமதி பெற வேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஒரு ஹாஸ்யத்தைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் முத்திரை குத்த வேண்டிய அந்த அதிகாரிகளை நினைத்தால் நமக்கு அனுதாபமே உண்டாகிறது.

இந்த நிலைமையிலும் சோ ராமசாமி 1968-ல் ‘முகம்மது பின் துக்ளக்’ நாடகத்தை மேடையேற்றினார். அறுநூறு வருஷத்துக்கு முந்திய சுல்தான் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, தேர்தலில் நின்று, தேசத்தின் பிரதம மந்திரியாகவே ஆகிவிடுகிறான். அவனுடைய பைத்தியக்காரத்தனங்கள் எல்லாம் ராஜதந்திரமாகக் கொண்டாடப்படுகின்றன. அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள், மறுநாள் பத்திரிகையைத் திறந்தபோது எது நாடகம், எது செய்தி என்று சற்று நேரம் திகைத்ததாகச் சொல்வதுண்டு.

1954-ம் வருஷத்துச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று தள்ளிவிட்டது. வழக்குத் தொடுத்தவர் பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய பத்திரிகையாளர் ஞாநி. கல்கத்தாப் பிரகசனத்துக்காகப் பிறந்த 1876-ம் வருஷத்துச் சட்டமோ, 2018-ம் வருஷ ஆரம்பத்தில்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. வெள்ளைக்காரன் போய் எழுபது வருஷத்துக்குப் பிறகு அவனுடைய பயம் கப்பலேறிற்று!

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

சட்டம் போன பிறகு, இனி விசாரிக்க வேண்டியது நம்மைத்தான். நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

நாம் பார்த்த நாடகங்கள் எல்லாமே உயர்ந்தவை என்று சொன்னால் அது முகஸ்துதியாகும். திக்கு வாயரைக் கண்டு சிரிப்பது, பருத்த சரீரத்தைக் கண்டு சிரிப்பது, வீட்டு வேலை செய்யும் அம்மாளின் பேச்சைக் கண்டு சிரிப்பது, இவையெல்லாம் இன்னும் மேடையை விட்டுப் போகவில்லை. இத்தகைய இடங்களிலும் சிரிப்பு எழுகிறது. ஆனால் அதில் ஒரு பகுதி பழக்கத்தினால் வருவது. தமக்கு மேற்பட்டவரின் கிரீடத்தைச் சாய்த்த கட்டியங்காரன் எங்கே, எளியவரின் கும்பாவைத் தட்டிவிடும் இந்த வேடிக்கை எங்கே!

உயர்ந்த ஹாஸ்யம் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஓவியத்தில் ஸ்ரீதர், ஆத்மீகத்தில் பரணீதரன், நாடகத்தில் மெரினா என்று மூன்று பெயர்களில் விளங்கியவர் எழுதிய ‘தனிக் குடித்தனம்’, நடுத்தரக் குடும்பத்தையே கண்ணாடி முன் நிறுத்திற்று. அவருடைய வசனங்களில் ஜோக்கு என்று தனியாகப் பிரித்தெடுக்க ஒன்றும் இராது. வீட்டில் பேசுகிற பேச்சையே பேசுவார்கள். அதை நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும்போதுதான் எவ்வளவு வேடிக்கை என்று தெரியும். காத்தாடி ராமமூர்த்தி அதே பேச்சை அலட்டிக் கொள்ளாமல் பேசியே பல்லாண்டுகள் சிரிக்க வைத்தார்.

கிரேஸி மோகன் இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர். கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரியில் படித்தவர். 1976-ல் எஸ். வி. சேகர் குழுவுக்காக எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ என்ற நாடகமே அவருக்குப் பட்டப் பெயரைத் தந்தது. அவருடைய பாத்திரங்கள் ஒரு சொல்லைப் பிடித்துக் கொண்டால் விட மாட்டார்கள். பந்தடிப்பதுபோல் ஒருவர் மாற்றி ஒருவர் அடித்துக் கொண்டே இருப்பார்கள். ஆனால் அந்த அடி யார் மேலும் விழாது. சிறு வயதில் தம்மை மேடையேற்றிய ஆசிரியையின் ஞாபகமாக, தம் கதாநாயகிகளுக்கெல்லாம் ஜானகி என்றே பெயர் வைத்தார். 2019-ல் அவர் மறைந்தபோது, சிரிப்பே தொழிலாகக் கொண்ட ஒருவருக்காகப் பட்டணமே அழுதது.

காலி நாற்காலிகள்

இவ்வளவும் சொல்லிவிட்டு, கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. விழா நாட்களில் கூட, கொட்டகையின் பின் பாதியில் காலி நாற்காலிகள் இருந்தன. முன் பாதியில் நரைத்த தலைகள் இருந்தன. 1975-ல் சென்னைக்கு டெலிவிஷன் வந்த நாள் முதல், சிரிப்பு வீட்டு ஹாலுக்கே வந்து சேர்ந்துவிட்டது. இப்போது அது உள்ளங்கைக்குள் வந்து, காதுக்குள் குழாய் வைத்து, தனித்தனியாகச் சிரிக்கும்படி ஆகிவிட்டது. ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு மூலைகளில் நான்கு விஷயங்களுக்குச் சிரிக்கிறார்கள். ஒருவருடைய சிரிப்புக்குக் காரணம் மற்றவருக்குத் தெரிவதில்லை. சில சமயம் சந்தேகத்தையும் கிளப்புகிறது!

நாடகக் கொட்டகைச் சிரிப்பு அப்படிப்பட்டதல்ல. மேடையில் ஒரு கஞ்சப் பிரபு வந்து நின்றால், பக்கத்தில் அமர்ந்திருக்கும் மனைவி கணவனை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். பின்னால் இருக்கும் பெண் தகப்பனாரின் முதுகைப் பார்க்கிறாள். அவரும் வேறு வழியின்றிச் சிரித்து வைக்கிறார். வீட்டில் ஒரு வருஷம் சண்டையிட்டாலும் சொல்ல முடியாத விஷயம், ஒரு நிமிஷத்தில், நானூறு பேர் நடுவில், ஒருவர் மனமும் புண்படாமல் சொல்லப்பட்டு விடுகிறது. இந்தக் காரியத்தைச் செய்ய வேறு ஸ்தாபனம் எதுவும் நமக்கு இல்லை.

ஆகவே நேயர்களுக்கு நம் விண்ணப்பம் இதுதான். கோடை விடுமுறையில் குழந்தைகளை உதகமண்டலத்துக்கு அழைத்துச் செல்வது நல்லதே. அதற்கு வசதி இல்லாதவர்கள், ஒரு மாலை வேளையில் அருகிலுள்ள ஸபாவுக்கு அழைத்துச் செல்லலாம். “போனார்” என்ற சொல்லுக்கு ஏன் நானூறு பேர் சிரித்தார்கள் என்று குழந்தை கேட்டால், விளக்கிச் சொல்லுங்கள். தமிழ்ப் பாடமும் அதில் அடங்கிவிடும். நாடகம் பிடித்திருந்தால் வாய்விட்டுச் சிரியுங்கள். பிடிக்காவிட்டால் காரியதரிசியிடம் சொல்லுங்கள். எளியவரைக் கேலி செய்யும் இடத்தில் மாத்திரம் சற்று மௌனமாக இருங்கள். அந்த மௌனம் எந்தச் சட்டத்தையும்விட வேகமாக நாடகாசிரியரின் காதில் விழும்.

இன்னும் ஒரே ஒரு வார்த்தை: இலவசப் பாஸ் கேட்காதீர்கள். டிக்கெட் வாங்கி வந்தவருடைய சிரிப்பு தனி ரகமானது. கொடுத்த பணத்தை வசூல் செய்துவிட வேண்டும் என்ற வைராக்கியத்துடன் அவர் சிரிக்கிறார்!